பெரியதோட்டத்து வண்டித்தடம்

இந்த ஜெர்மன் ஊரில் சனிக்கிழமையானால் பிப்லியோதேக் என்கிற நூலகத்தில் ஏழெட்டுப் பேர் கூடி, கண்ணால் பார்த்திராத ஊர்களுக்கெல்லாம் வரைபடம் போடுகிறார்கள். கூலி கிடையாது. மருமகன் என்னையும் அழைத்துப் போன முதல் நாள், "இதுக்கு முதலாளி யாருங்க மாப்ள?" என்று கேட்டேன். அவர் அதை அவர்கள் மொழியில் சொன்னதும், யூர்கன் என்ற பெரியவர் என்னைத்தான் கை காட்டினார். கேலி என்று நினைத்து அன்று முழுக்க நான் அவருக்கு முகம் கொடுக்கவில்லை.

கட்டற்ற மென்பொருளாம். யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் அந்தக் கணினியில் பொத்தான்களெல்லாம் தமிழில் இருந்தன. முகம் தெரியாத யாரோ சும்மா எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே நானே உட்கார்ந்தேன். வானத்திலிருந்து பிடித்த படத்தில் திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் பெரியதோட்டம் தெரிந்தது. கிணறு, கோழிப்பண்ணைக் கொட்டகை, நடுவே வெள்ளைக் கோடாக வண்டித்தடம். பஸ் நிற்கும் இடத்தில் கிளம்பி எங்கள் வாசலைத் தொட்டு, அப்பால் காலனி வரை போகும். அப்பா உழும்போது தடம் வந்ததும் கலப்பையைத் தூக்கி அந்தப் பக்கம் இறக்குவார். ஆள் நடக்கிற தடத்தை எங்கள் பக்கம் கீற மாட்டார்கள். அந்தக் கோட்டின் மேல் கோடு போட்டேன். கீழே என் பெயர் விழுந்தது. பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு மாதம் கழித்துத் தம்பி போனில் வந்தான்.

"ஏனுங்கக்கா, அங்க உக்காந்துக்கிட்டு நம்ம தோட்டத்துக்குள்ள ரோடு போடறீங்களாமா?"

"இருக்கற தடத்தைத்தான சாமி போட்டேன்?"

"பஸ் நிக்கற பக்கமா, தடத்துக்குக் குறுக்க கம்பிவேலி கட்டியாச்சுங்க. மழை உழுந்தா உழுதுருவேன். அங்க தடமே இருந்ததில்லைன்னு தாசில்தாருக்கு எழுதிக் குடுத்திருக்கறேன். அந்தப் பாவாயி போன்ல நீங்க போட்ட படத்தைக் காட்டி, 'உங்கக்காவே போட்டிருக்காங்க சாமி'ங்கறா, அத்தன பேரு முன்னால! மொதல்ல அதை அழிங்க."

பாவாயி காலனிக்காரி, எங்கள் தோட்டத்தில் களை வெட்டியவள். அவள் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு அந்தத் தடத்தில்தான் நடந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை மருமகனை வைத்து, தடத்தை அழிக்கலாமா என்று யூர்கனிடம் கேட்டேன். "அங்கே தடம் இப்போது இருக்கிறதா?" என்றார் அவர், அவ்வளவுதான். தரையில் இருப்பதை மட்டும் போடுவது இவர்கள் சட்டம்.

"நீங்க அழிக்கலாமுங்க அத்தை," என்றார் மருமகன். "ஆனா அழிச்சதுங்கூட உங்க பேர்லயே நிக்கும். ஆரு வேணாலும் பாக்கலாம்."

எல்லாருக்கும் சொந்தம் என்றால் தம்பிக்கும்தானே, பாவாயிக்கும்தானே? நான் யார் பேச்சைக் கேட்பது? இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளையை ஊர் முன்னால் பொய்யனாக்க எனக்கு மனசில்லை. பொய் எழுதிக் கொடுத்தவன் அவன்தான் என்பதும் தெரிகிறது. ஒன்றும் பிடிபடவில்லை. வேலிக்கும் ஒரு குறி உண்டு என்று யூர்கன் காட்டினார். தடத்தை அழிக்காமல், தம்பி சொன்ன வேலியை அதன் குறுக்கே போட்டேன். இரண்டும் அங்கே இருக்கின்றன. இனித் தம்பியும் பேசமாட்டான், பாவாயியும் என்னை வாழ்த்தமாட்டாள்.

தம்பி இருக்கும் எங்கள் வீட்டுக்கு இப்போது மேற்கே தார்ரோடு வந்துவிட்டதாம். அதில் நான் நடந்ததே இல்லை. படத்தில் பஸ் நிற்கும் இடத்தில் விரலை வைத்து, எனக்குத் தெரிந்த வழியில் வீட்டுக்கு நடத்தினேன். பாதியில் விரல் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் வாசல்.