கோழிக்கொல்லியின் வெள்ளைப் பொடி

எனக்கும் என் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் மில்லுக்காரர் பேச்சை எடுத்தால் மட்டும் இருவருக்கும் ஒன்றுபோல வயிறு எரியும்.

அவர் அரிசி மில்லோடு தீவனமும் அரைத்து விற்றார். பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை அரைத்துக் கொடுத்ததில் நாத்தனாரின் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. நியாயம் கேட்கப் போனவளிடம், கடை நிறைய ஆள் இருக்கும்போது, "கை கழுவாம தீனி போட்டா கோழி சாகாம என்னம்மா செய்யும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவளுக்குப் பேர் கோழிக்கொல்லி. முட்டை வாங்கக்கூட ஆள் வரவில்லை, பண்ணையை மூடினாள்.

வேதியியல் படித்தவள், ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். உமிச் சாம்பலைக் காரத்தில் கொதிக்கவைத்து, அமிலம் விட்டு, கழுவி உலர்த்தி, பக்குவப்படுத்திப் பொடியாக்க அங்கே பழகினாள். தீவனத்தில் கலந்தால் அந்தப் பொடி கோழியின் வயிற்றில் பூஞ்சை விஷத்தைப் பிடித்துக்கொண்டு எச்சத்தோடு வெளியேறிவிடும். பிறகு சொந்தப் பட்டறை போட்டாள். சாம்பல் யாரிடம் எடுத்தாள் என்கிறீர்கள்? அதே மில்லில்தான். "அள்ளிக்கிட்டுப் போ, தொல்லை விட்டுது" என்று அவரே கதவைத் திறந்துவிட்டார். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறார் என்று நான் உள்ளுக்குள் குதித்தேன்.

பொடி கலக்காத தீவனம் வேண்டாம் என்று பண்ணைக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்ட பிறகு, மில்லுக்காரர் பட்டறைக்கு வந்து நின்றார். மூட்டை ஏற்ற வந்த பண்ணைக்காரர்களும் இருந்தார்கள்.

நான் அவளை உள்ளே இழுத்தேன். "வெறும் சாம்பலை அரைச்சுக் கட்டிக் குடு. அவனும் நடுத்தெருவுக்கு வரட்டும்."

"கோழிங்க என்ன பாவம் பண்ணுச்சு அண்ணி?"

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அவள் வெளியே போனாள். "நல்ல பொடியே தரேன். எங்க கோழி எதனால செத்துச்சுன்னு இவங்க முன்னாடி சொல்லுங்க."

அவர் முகம் சுண்டிப்போனது. வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தார்.

"மெஷின் ஓடுது, காதுல விழல" என்று அரவையை நிறுத்தினாள்.

"என் தீவனத்தாலதாம்மா. பூஞ்சைன்னு தெரிஞ்சுதான் அரைச்சேன்."

தெரிந்தே! எனக்கு ரத்தம் கொதித்தது. இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

நாத்தனார் குழாயடிக்குப் போனாள். சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும், விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினாள். அவசரமே படவில்லை. அத்தனை பேர் நடுவில் அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கை கழுவிட்டேன்" என்றாள். "மூட்டையை எடுத்துக்கோங்க."