கண்மாயில் மடங்கிய இறக்கை

போன ஞாயிறு காரைக்குடி போனேன். அரண்மனை பார்க்கவோ சாப்பிடவோ இல்லை. இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டில் ரிமோட் விமானம் செய்துகொண்டிருக்கிறேன். கப்பல்படை விமானம் போல மடக்கு இறக்கை வைத்தால் பறக்கும்போது தாங்குமா? மரத்தை அறுப்பதற்கு முன் தெரிய வேண்டும். அங்கே செக்காலைப் பகுதியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் செந்தில் அண்ணன் அப்படி ஒன்றைச் செய்து முடித்து, அன்றுதான் முதல்முறை பறக்கவிடுவதாக இருந்தார்.

மாட்டுத்தாவணியில் காலை ஆறு மணி பஸ். சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். இறங்கி ஆட்டோவுக்கு எண்பது ரூபாய்.

"மதுரையில இருந்து இங்குட்டு பிளேன் பாக்கவா வந்தீக?" டிரைவர் சிரித்தார். "ஏர்போர்ட்டே உங்க ஊர்லதானே இருக்கு!"

பட்டறையில் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். இரண்டாம் உலகப்போர்ச் சண்டை விமானத்தின் ரிமோட் மாதிரி. எட்டடி இறக்கை, பதினாறு கிலோ, பெட்ரோல் இன்ஜின், மூன்று வருட உழைப்பு. இறக்கைகளை மேலே மடக்கித்தான் நாலடிக் கதவு வழியே வெளியே கொண்டுவந்தார்கள். அவர் மனைவி செல்வி அக்கா, புது வண்டிக்குச் செய்வது போல, மூக்கிலும் இறக்கைகள் மடங்கும் இரண்டு இடங்களிலும் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வேறு.

"பறக்குறதுக்கு எதுக்குடி எலுமிச்சம்பழம்?"

"ஓடாமலா பறக்கப்போகுது? நீக சும்மா இருங்க."

லோடு ஆட்டோவில் ஏற்றி எட்டு கிலோமீட்டர், ஒரு வறண்ட கண்மாய். அங்கே இறக்கைகளை விரித்து, மடங்கும் இடத்தில் உள்ள துளைகளில் இரும்புப் பின்களைச் செருகிப் பூட்டினார். வலது பக்கம் முரண்டு பிடித்தது.

"டைட்டா உக்காந்துருச்சு தம்பி. நல்லதுதான்."

இன்ஜின் அலறியது. ஓடியது, எழும்பியது. பனை உயரம் போய் வளைந்தபோது, வலது இறக்கை அப்படியே மேலே மடங்கியது. விமானம் சுழன்று வந்து தரையில் குத்தியது; வலது இறக்கை ஒடிந்து தனியே விழுந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தோம். வலது பக்க இரும்புப் பின் பாதி அளவுதான் உள்ளே போயிருந்தது. துளைக்குள் காய்ந்த சந்தனம்.

செல்வி அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நாந்தாங்க வச்சேன். நாந்தான் கெடுத்துட்டேன்."

அண்ணன் அந்தத் துளையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ வச்சது பொட்டு. பூட்டுனது நானு. இழுத்துப் பாத்தேனா?"

இதுபோல் செய்கிறவர்களுக்கு: பின்னில் சிவப்புக் கோடு போடுங்கள், கோடு வெளியே தெரிந்தால் பறக்கவிடாதீர்கள். பூட்டியதும் இறக்கையை இரண்டு கையாலும் தூக்கிப் பாருங்கள். அனுமதி வாங்குங்கள், ஆட்களைத் தள்ளி நிறுத்துங்கள். மடக்கு இறக்கை தாங்குமா என்றால், தாங்கும். விழுந்த பிறகும் இடது பக்கப் பின் அசையவே இல்லை. நான் மரத்தை அறுக்கப்போகிறேன்.

ஆனால் அந்த அதிர்ச்சி இன்னும் போகவில்லை. பட்டறைக் கதவுக்குத் திரும்பியதும் செல்வி அக்கா விமானத்தின் உடலைப் பிடித்துக்கொள்ள, அண்ணன் பின்னை உருவி இடது இறக்கையை மெதுவாக மடக்கினார். பழக்கத்தில் கை வலது பக்கமும் போனது. அங்கே மடக்க ஒன்றும் இல்லை.