சம்பளமில்லாத அதிகாரிக்குப் பயத்தம் பணியாரம்

இன்று காலை ரொறன்ரோ விமான நிலையத்தில் அமெரிக்கக் குடிவரவுச் சோதனைக்கு வரிசையில் நின்றேன். அமெரிக்கா போகிறவர்களை அமெரிக்க அதிகாரிகள் இங்கேயே சோதித்துவிடுவார்கள். செலவுக்கான நிதி ஒதுக்கீடு நிறைவேறாமல் அமெரிக்க அரசாங்கம் முடங்கிக் கிடப்பதால் அங்குள்ள அதிகாரிகளுக்குச் சம்பளம் இல்லை. ஆனால் வேலைக்கு வந்தாக வேண்டும்.

எனக்கு முன்னால் ரொறன்ரோவின் மோர்னிங்சைட் பகுதியிலிருந்து வந்த ஒரு அன்ரி. யுத்த காலத்தில், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த கிளிநொச்சியில் அரசாங்கப் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவராம். சம்பள விஷயத்தை நான் சொல்லக் கேட்டதும், அமெரிக்காவிலுள்ள மகளுக்குக் கொண்டுபோன, பயற்றம் மாவில் செய்த பயத்தம் பணியாரப் பெட்டியை வெளியே எடுத்தார்.

“அன்ரி, உதை உள்ள வையுங்கோ. லஞ்சம் எண்டு நினைப்பினம்” என்றேன்.

“சம்பளமே இல்லாத மனிசனுக்கு என்ன பிள்ளை லஞ்சம்? வீட்டில குழந்தையள் இருக்கும்.”

முறை வந்ததும் பெட்டியை நீட்டினார். நரைத்த தலை அதிகாரி பதறிக் கையை இழுத்துக்கொண்டார்.

“வாங்கினால் இந்த வேலையும் போய்விடும். எனக்கு மூன்று பிள்ளைகள்” என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்.

அன்ரி பெட்டியை மூடினார். “சண்டைக்குள்ளயும் கொழும்பு அரசாங்கம் எங்களுக்குச் சம்பளம் அனுப்பினது. பிந்தித்தான் வந்தது. ஆனா வந்தது.”

எங்களோடு சண்டை பிடித்த கொழும்பை எங்கள் ஆள் ஒருவர் மெச்சிப் பேசக் கேட்டது எனக்கு இதுவே முதல் தடவை. மறுத்துச் சொல்ல ஏதாவது இருக்குமென்று யோசித்தபடியே விமானம் ஏறினேன். இன்னும் அகப்படவில்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.