காயாத கறுப்பு

சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக்கு டிசைன் வரைவது என் தொழில். எங்கள் மாதா கோயிலில் சுரூபம் என்று சொல்கிற புனிதர் சிலைகளுக்கு வர்ணம் பூசுவதும் நான்தான். போன வருஷம் கறுப்பினத் துறவி ஒருவரின் சுரூபம் வந்தது.

பூசிக்கொண்டிருந்தபோது கோயில் கமிட்டித் தலைவர் வந்து நின்றார்.

“ஏம்மா, மூஞ்ச இவ்ளோ கறுப்பா அடிச்சிக்கினு இருக்கிற? கொஞ்சம் கலர் தூக்கிக் குடும்மா.”

“அவரு நெறமே இதாங்க,” என்றேன்.

இருபது வருஷத்துக்கு முன் இவர் என்னைப் பெண் பார்க்க வந்தவர். கேசரியைத் தின்று கை கழுவிக்கொண்டே, “பொண்ணு நல்ல பொண்ணுதாங்க. கலர்தான் கம்மியா இருக்குது,” என்றார். உள்ளறையில் எனக்குக் கேட்டது. அப்பா அவருக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தார். இப்போது அவருக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

திருவிழாக் காலையில் புனிதரின் வாழ்க்கையை வாசிக்கும் பொறுப்பு எனக்கு. இத்தாலியத் தீவு ஒன்றில், ஆப்பிரிக்க அடிமைகளின் மகனாகப் பிறந்தவர். ஏர் ஓட்டும்போது கூட இருந்தவர்கள் நிறத்தைச் சொல்லிச் சிரித்தார்கள், அவர் ஏரை ஓட்டிக்கொண்டே போனார். துறவியாகி மடத்தில் சமைத்தார். எழுதப் படிக்கத் தெரியாத அவரையே மடத்துக்குத் தலைவராக்கினார்கள். பதவி முடிந்ததும் திரும்ப அடுப்படிக்கே போனார்.

“சிரிச்சவங்க பேரு ஒண்ணுகூட இன்னிக்கு யாருக்கும் தெரியாது,” என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன், முன்வரிசையில் இருந்த கமிட்டித் தலைவரைப் பார்த்தபடி. அவர் ரசித்துத் தலையாட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முந்தின ராத்திரி சுரூபத்தை மேடையில் தூக்கி வைக்கையில் பாதத்தில் வர்ணம் பெயர்ந்திருந்தது. விடிந்ததும் அங்கே இன்னொரு பூச்சு கொடுத்திருந்தேன். பாதம் தொட்டுக் கும்பிடுவதில் முதல் மரியாதை தலைவருக்குத்தான். காயவில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டு கையாலும் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். நெற்றியிலிருந்து கன்னம் வரை கறுப்பு.

பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பியது. அவர் மனைவியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அடுத்து நின்றவர்களைக் கை காட்டி நிறுத்தினேன்.

“காயலன்னு சொல்லக் கூடாதாம்மா? தொடைக்க எதனா இருக்குதா?”

பையில் வர்ணம் துடைக்கிற டர்பன்டைன் அரைப் புட்டி இருந்தது.

“தீந்துபோச்சுங்க. நாலு நாள்ல தானா போயிடும்.”

அதற்கப்புறம் இரண்டு முறை கோயில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். இதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. வருத்தம் வந்தால்தானே சொல்வதற்கு.