கல்லை விட்டு இறங்காத கார்

பேய், காற்று, கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் வெற்றிலைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்துபோகிற ரகம் நான். இப்போது நீங்களும் எழுந்துபோகத் தோதாக நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. போகலாம், கையைப் பிடித்து இழுக்க மாட்டேன். ஆனால் இது எனக்கு நடந்தது, வெளிச்சம் இருக்கும்போதே நடந்தது, அன்றைக்கு நான் காப்பியைத் தவிர வேறொன்றும் குடித்திருக்கவில்லை. இதை மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள்.

யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சென்னைப் பட்டணம் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது, ஓடியவர்களில் ஒரு கனவான் தம் காரை அடிமாட்டு விலைக்கு என் தலையில் கட்டிவிட்டுப் போனார். பெட்ரோல் கிடைக்காது. ஆகையால் காரின் முதுகில் ஒரு கரி அடுப்பை மாட்டி, அந்தப் புகையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். மேடு வந்தால் இரைப்பு நோய்க்காரரைப் போல் மூச்சு வாங்கும். இறக்கம் வந்தால் மட்டும் என்னைக் கேட்காமலே ஓடும். கண்ணாடிகள் பாதிக்கு மேல் இறங்காது. மற்றபடி நல்ல வண்டி என்று சொல்ல ஆசைதான்.

என் தங்கை செங்கமலத்துக்கு அது தலைப்பிரசவம். அவள் புருஷன் பட்டாளத்தில், பர்மா எல்லையில் எங்கேயோ. அவளைப் பூந்தமல்லியில் மாமியார் வீட்டிலிருந்து திருத்தணியில் எங்கள் அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ரயில் முழுக்கச் சிப்பாய்க் கூட்டம். "கார் வைத்திருக்கிற அண்ணன் வேறு எதற்காம்?" என்று மார்தட்டியது நானேதான். டாக்டரம்மாவும் இன்னும் நாள் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்.

ஐப்பசி மழை. கனகம்மாசத்திரம் தாண்டியதும் பாதை எது, பள்ளம் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே செந்தண்ணீர். தூரத்தில் திருத்தணி மலை தெரிந்ததும் நான் உற்சாகமாகி, இந்த மலையைப் பற்றி நான் படித்ததையெல்லாம் தங்கைக்கு எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன். பாதி வாக்கியத்தில் முன்பக்க இடது சக்கரம் ஒரு பள்ளத்தில் 'டங்'கென்று இறங்கியது. பற்கள் ஒன்றோடொன்று மோதின. இறங்கிப் பார்த்தால் டயர் வாய் பிளந்து கிடந்தது. உள்ளே இருந்த இரும்பு வளையம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது.

மாற்றுச் சக்கரம் இருந்தது. வழுக்கைதான், ஆனாலும் உருண்டை. இல்லாதது ஜாக்கி. அது சென்னையில் என் புத்தக அலமாரியின் உடைந்த காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. படிப்பு வீண்போகாது என்பார்கள், எனக்கு ஜாக்கியே போயிற்று.

அன்று கிருத்திகை. மஞ்சள் வேட்டியோடு நாலைந்து தென்னாற்காட்டு ஆட்கள் மலையைப் பார்த்து நடந்து வந்தார்கள். நிலைமையைப் பார்த்துவிட்டு, "தூக்கிடலாங்க, கீழ வைக்க ஏதாச்சும் வேணுமே" என்றார் பெரியவர். நான் சுற்றும்முற்றும் பார்த்தேன். சாலையோரம் ஆளின் மார்பளவுக்கு இரண்டு கல் நட்டிருந்தது. அவற்றின் மேல் குறுக்கே இருக்க வேண்டிய பலகைக் கல் சரிந்து புல்லில் கிடந்தது. சுமைதாங்கி. தலைச்சுமைக்காரர்கள் பாரத்தை இறக்கி வைத்து மூச்சு வாங்குவதற்கு நட்டது. வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனவள் பேரில் அதை நடுவார்கள் என்பதும், ஊரார் சுமை இறங்க இறங்க அவள் சுமையும் இறங்கும் என்று நம்புவார்கள் என்பதும் எனக்குத் தெரியாதா என்ன? அதைக் கிண்டல் செய்து ஒரு பத்திரிகையில் எழுதியே இருக்கிறேன். "அந்தக் கல் போதுமே" என்று காட்டினேன்.

அதை நகர்த்தவே அத்தனை பேரும் வேண்டியிருந்தது. பெரியவர் காருக்குள் எட்டிப் பார்த்தார். "தாயி, செத்த எறங்கிக்கிறியா?"

"எறங்குனா மறுபடி ஏற முடியாதுங்க" என்றாள் செங்கமலம்.

"சரி, இருந்துட்டுப் போ. புள்ளயும் தாயுமா எம்மாங் கனம் இருந்துடப் போவுது? தூக்குங்கடா!"

"அரோகரா!" என்று ஒரே மூச்சில் தூக்கினார்கள். பக்கத்தில் புரட்டி நிறுத்தியிருந்த கல்லை முன் அச்சுக்கு அடியில் தள்ளினார்கள். இருட்டுவதற்குள் மலை ஏற வேண்டும் என்று நடையைக் கட்டிவிட்டார்கள்.

சக்கரத்தை நானே மாற்றினேன். அந்த வீரச் செயலை வர்ணிக்கவில்லை. நசுங்கிய விரல் இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது. இனி காரை முன்னால் ஓட்டினால் கல்லை விட்டுத் தானே இறங்கிவிடும். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தி முடுக்கினேன். பின் சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன. கார் ஓர் அங்குலம் நகரவில்லை. பின்னால் எடுத்துப் பார்த்தேன். அதுவும் இல்லை. வழுக்கலான கல்லின் மேல் வெறுமனே நிற்கிற வண்டி, தரையோடு சேர்த்து வார்த்ததுபோல் நின்றது.

"அண்ணா" என்றாள் பின்னாலிருந்து. குரலே வேறாக இருந்தது. "வலிக்குதுண்ணா."

"உக்காந்து உக்காந்து இடுப்பு புடிச்சிகினு இருக்கும்."

"இது அந்த வலி இல்ல."

இறங்கி யாரையாவது கூப்பிடலாம் என்று கதவின் கைப்பிடியைத் திருகினேன், திறக்கவில்லை. அந்தப் பக்கம், பின்பக்கம், நான்கும் அப்படியே. ஒற்றைப் பக்கம் தூக்கி நிறுத்தியதில் கூடு முறுக்கிக்கொண்டு கதவுகள் இறுகியிருக்கும். நீங்கள் சொல்லப் போவதை நானே சொல்லிவிட்டேன், எனக்கும் அதுதான் தோன்றியது. தோளால் இடித்தேன், காலால் உதைத்தேன். கண்ணாடி பாதிக்கு மேல் இறங்காது. கையை வெளியே விடலாம், கர்ப்பிணியை விட முடியாது. கண்ணெதிரே மலை. கோயிலில் விளக்கு வைத்துவிட்டார்கள், அதுகூடத் தெரிகிறது. அம்மா வீடு அந்த மலையடிவாரத்தில். பின்னால் தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிறாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கொலுப் பொம்மை மாதிரி.

அப்போதுதான் பின்பக்க வில்லுப்பட்டை கிறீச்சிட்டது. காருக்குள் ஆள் ஏறினால் அமுங்குமே, அந்தச் சத்தம். பின்பக்கம் இடது மூலை மெல்ல அமுங்கியது. செங்கமலம் உட்கார்ந்திருந்தது வலது மூலையில். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பயமில்லை, கழுத்து சுளுக்கு என்று நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

மாட்டு மணி ஓசை கேட்டது. கே.ஜி.கண்டிகைப் பக்கத்து ஆள், முனிரத்தினம் என்று பிறகு தெரிந்தது, வெறும் மாட்டு வண்டியோடு வந்துகொண்டிருந்தான். ஐம்பது வயசிருக்கும்.

"இன்னா சாமி, மோட்டாரு அட காக்குற கோயி மாதிரி கல்லு மேல குந்திகினு கீது?"

"ஐயா, கதவு தொறக்கல. உள்ள புள்ளத்தாச்சி. வலி எடுத்துகினு இருக்குது!"

சிரிப்பு போயிற்று. வண்டியின் பக்கத்தில் செருகியிருந்த முளைக்குச்சியைப் பிடுங்கி வந்து கதவு இடுக்கில் விட்டு நெம்பினான். குச்சி முறிந்தது. கயிறு கட்டி மாடுகளை விட்டு இழுத்தான். நல்ல மயிலைக் காளைகள். கழுத்து நரம்பு புடைக்க இழுத்து, இரண்டும் ஒரே நேரத்தில் முழங்காலில் விழுந்தன. மாடுகளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, எது தடுக்கிறது என்று பார்க்கக் காருக்கு அடியில் குனிந்தான். குனிந்தவன் வெகுநேரம் நிமிரவில்லை.

எழுந்து வந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். "யார் வெச்சது?"

"நான்தான். வழிப்போக்கங்க தூக்குனாங்க."

"எங்க அக்கா கல்லு சாமி அது."

அவன் என்னைத் திட்டியிருக்கலாம், திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "இப்பிடித்தான் திருத்தணிக்கு இட்டுகினு போனோம், தலப்பிரசவத்துக்கு. இதே எடத்துல வண்டிச் சக்கரம் போச்சி. வேற வண்டி வரங்காட்டியும்…" என்று நிறுத்தி, துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "சுமைய வெச்சவங்க, சொல்லிட்டுத்தான் எடுக்கணும். 'எறக்கிக்கிறேன் அக்கா, உன் பாரமும் எறங்கட்டும்'னு. இங்க சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும். நீங்க சொல்லல. அவ புடிச்சிகினு கீறா."

"மூடநம்பிக்கை" என்று சொல்ல வாயெடுத்தேன். செங்கமலம் அலறினாள்.

அவன் சொல்லிக்கொடுத்ததைக் காலி முன்சீட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். கோர்ட்டில் பிரமாணம் எடுக்கிறவன் மாதிரி இருந்தது. ஒன்றும் ஆகவில்லை.

"என்னாத்துக்கு சாமி சர்க்கார் ஆபீசுல பேசுற மாதிரி பேசுறீங்க? அக்கான்னு கூப்பிட்டுச் சொல்லுங்க!"

"அக்கா!" என்றேன். குரல் உடைந்துவிட்டது, இதில் மறைக்க என்ன இருக்கிறது? "அக்கா, தெரியாம வெச்சிட்டேன். எறக்கிக்கிறேன் அக்கா. விட்டுடு."

முனிரத்தினமும் வெளியே நின்று, "சரோசாக்கா, விட்டுடு சரோசாக்கா" என்று கெஞ்சினான். கார் அசையவில்லை.

"அண்ணா, நீ சும்மா இரு" என்றாள் செங்கமலம். "சுமை உன்னுது இல்ல."

பின்னால் வருவதைப் பார்க்கிற சின்னக் கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். தலையை இடது பக்கம் சாய்த்து, யாருடைய காதிலோ சொல்வதுபோல் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு "ஆங்" என்று தலையாட்டினாள்.

கார் கல்லிலிருந்து விழவில்லை. இறங்கியது. தூங்குகிற பிள்ளையைப் பாயில் விடுகிற மாதிரி, முன்பக்கம் மெல்ல மெல்ல வந்து தரையைத் தொட்டது. என் பக்கத்துக் கதவு தானாகத் திறந்துகொண்டு ஆடியது. கல் காருக்குப் பின்னால் கிடந்தது. கார் முன்னே போனதை நான் உணரவே இல்லை.

கரியைக் கிளறிவிட்டு ஓட்டினேன். முனிரத்தினம் வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் காரின் பக்கப் படியில் தொற்றிக்கொண்டு வந்தான். வீட்டு வாசலில் அம்மாவும் மருத்துவச்சியும் செங்கமலத்தைத் தாங்கி உள்ளே கொண்டுபோனார்கள். சற்று நேரத்தில் பெண் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. இரண்டு உயிரும் சுகம். வாசலில் நின்ற முனிரத்தினம் மலையைப் பார்த்துக் கும்பிட்டான், பிறகு என் காரைப் பார்த்தும் கும்பிட்டான். அவன் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன். காருக்குள் யாரும் இல்லை. பின்பக்க இடது மூலை அமுங்கியே இருந்தது.

மறுநாள் காலை கல்லைப் பழையபடி ஏற்றி வைக்க இருவரும் போனோம். ஆள் திரட்ட வேண்டுமே என்றேன். அவன் ஒரு முனையைப் பிடித்தான், நான் மறுமுனையைப் பிடித்தேன். நேற்று அத்தனை பேர் திணறிய கல், இரண்டு பேர் கையில் சாதாரணக் கல்லாக மேலே ஏறி உட்கார்ந்தது. முனிரத்தினம் அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

"லேசாயிடுச்சி சாமி" என்றான். அழுதானா சிரித்தானா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்தக் காரை அப்புறம் விற்றுவிட்டேன். வாங்கிய மெக்கானிக் வில்லுப்பட்டையில் ஒரு பழுதும் இல்லை என்று சத்தியம் செய்தான். அன்று என்ன சொன்னாய் என்று செங்கமலத்தை எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தேன். "ஒண்ணுமில்லண்ணா, கூப்பிட்டேன், அவ்ளோதான்" என்பாள்.

நன்றாகத்தான் இருக்கிறாள். பட்டாளத்துக்காரர் திரும்பி வந்தார், மகள் பள்ளிக்கூடம் போகிறாள். இப்போது என்னிடம் வேறு கார் இருக்கிறது. செங்கமலம் அதில் ஏறும்போது மட்டும் ஒரு வழக்கம். இடது கதவைத் திறந்து ஏறுவாள். வலது மூலைக்கு நகர்ந்து, மகளை மடியில் இழுத்துக்கொள்வாள். கதவை உடனே சாத்த மாட்டாள். இன்னொரு ஆள் சாவகாசமாக ஏறி உட்காருகிற நேரம் வரைக்கும் திறந்தே விட்டிருந்து, அப்புறம் எட்டிச் சாத்திவிட்டு, "போலாம்ண்ணா" என்பாள்.

நான் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுப்பேன். பள்ளம் பார்த்து, மெதுவாக.