கீழே இறங்கிய ஹெட்லைட்

பக்கவாதம் வந்த ஐந்தாம் மாதம், வெளியூரில் இருக்கும் மகள் அப்பாவுக்கு ஒரு பொம்மை ரயில் என்ஜின் வாங்கி அனுப்பினாள். குழந்தைகள் தரையில் உருட்டி விளையாடுகிற சாமான் அல்ல. நிஜ டீசல் என்ஜினை ஒரு சாண் நீளத்துக்குச் சுருக்கியது போல, ஆணி முதல் ஏணி வரை அச்சு அசல். இருபத்திரண்டு வருஷம் அவர் டிரைவராக ஓட்டியது அந்த ரகத்தைத்தான். பார்த்ததும் முகம் மலரும் என்று மனைவி பெட்டியைப் பிரித்து அவர் மடியில் வைத்தாள். அவர் ஒரு பார்வை பார்த்தார். இடது கையால் தள்ளிவிட்டார்.

“இல்ல,” என்றார்.

வலது கையும் காலும் விழுந்துபோன அவருக்கு வாயில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு சொல்தான்.

அவள் சுவரிலிருந்த போட்டோவைக் கழற்றி எடுத்துவந்தாள். தன் வண்டிக்கு முன்னால் அவர் விறைப்பாக நிற்கும் படம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பொம்மைக்கு நெற்றியில் ஒற்றை ஹெட்லைட். படத்திலோ மூக்குக்குக் கீழே இரட்டையாக இருந்தது. பக்கவாட்டில் காற்றுக்கான சல்லடைக் கதவு பொம்மையில் மூன்று, படத்தில் ஐந்து. பிற்பாடு மாற்றிக் கட்டிய வண்டியை அவர் ஓட்டியிருக்கிறார்; மகள் வாங்கியது அதற்கு முந்தையது.

“சரி, மாத்திடலாம் விடுங்க,” என்றாள்.

வாய்தவறிச் சொன்ன வார்த்தை இல்லை அது. பல் செட் செய்யும் லேபில் அவளுக்குப் பத்தொன்பது வருஷ வேலை. ஊரார் மெல்லுவதற்கு வழி செய்துகொடுத்தே தன் பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளியவள். லேபில் கழித்துப் போட்ட குட்டி டிரில்லைக் கேட்டு வாங்கிவந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, துணி துவைத்து முடித்து, இடுப்பு கழன்று விழும் நேரத்தில் சமையலறை மேஜையில் உட்கார்ந்தாள். நெற்றி விளக்கை அறுத்தெடுத்தாள். அந்தக் குழியைப் பல் செட் மாவால் அடைத்தாள். ஈறு நிறம்தான் கையில் இருந்தது. மூக்குக்குக் கீழே இரண்டு ஓட்டை போட்டுக் காட்டினாள்.

“இல்ல.”

அடைத்து, கொஞ்சம் கீழே போட்டாள். “இல்ல.” அடுத்த ஞாயிறு கொஞ்சம் மேலே. அதற்கும் “இல்ல.” என்ஜினின் மூஞ்சி முழுக்க ரோஸ் நிறத்தில் அம்மை போட்டது போலாயிற்று.

பார்க்க வந்த நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். “ஏம்மா, எந்தம்பி கை கால் விளங்காம உக்காந்திருக்கான். நீ பொம்மைக்கு மூக்கு குத்திட்டிருக்கியா?”

மூன்றாவது ஞாயிறு அவளால் முடியவில்லை. டிரில்லை மேஜையில் போட்டாள். “நான் என்ன மெஷினா? வாரம் பூரா கண்டவங்க பல்லோட மல்லுக்கு நிக்கறேன். வீட்டுக்கு வந்தா நீங்க. ஒரு தடவையாவது சரின்னு சொல்லக்கூடாதா?”

அவர் கண் கலங்கியது. “இல்ல, இல்ல,” என்று மேஜையைத் தட்டினார்.

மறுநாள் மாலை பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் முதல் தடவையாக வந்தபோது அவள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அந்தப் பெண் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “அம்மா, இவங்களுக்கெல்லாம் ஆமான்னு சொல்ல வந்தாலும் வாயில இல்லைன்னுதான் வரும். வாயை நம்பாதீங்க, கையைப் பாருங்க.” பிறகு அவர் பக்கம் திரும்பினாள். “சார், முதல்ல போட்ட ஓட்டை சரியா இருந்துச்சா? சரின்னா கட்டைவிரலைத் தூக்குங்க.”

“இல்ல,” என்றார். கட்டைவிரல் எழுந்தது.

அவள் நாற்காலியை இழுத்து அவர் எதிரே உட்கார்ந்தாள். மூன்று ஞாயிறு வீணாய்ப் போனது பெரிதாகப் படவில்லை. ஐந்து மாதமாகத் தினம் கேட்டது நினைவுக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் போடவா? தண்ணி வேணுமா? குளிருதா, போர்த்திவிடவா? இல்லை என்று சொல்லச் சொல்ல எத்தனை தடவை தட்டை எடுத்துக்கொண்டு போயிருப்பாள்!

“பசியோட படுத்தீங்களா?” என்று கேட்டாள்.

அவர் விரலைத் தூக்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை. எழுந்துபோய் இரண்டு பேருக்கும் டீ போட்டாள்.

அதன்பின் வேலை தடங்கலில்லாமல் நடந்தது. முதலில் போட்ட இடத்திலேயே மறுபடி ஓட்டை போட்டாள். பல் செட்டுக்குள் வலுவுக்கு வைக்கும் சன்னக் கம்பி வலையை வெட்டி, படத்தில் தெரிந்த பக்கத்தில் ஐந்து சல்லடைக் கதவு ஒட்டினாள். ரோஸ் நிறமெல்லாம் சாம்பல் பெயின்ட்டுக்குள் மறைந்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் அடுத்ததற்குப் போனாள்.

மறுபக்கம் பாக்கி இருந்தது. போட்டோவில் அந்தப் பக்கம் தெரியவில்லை.

“அந்தப் பக்கம் எப்படின்னு எனக்குத் தெரியலங்க. தெரிஞ்சாலும் இனிமே முடியாது. பழசாவே இருந்துட்டுப் போகட்டுமா?”

 அவர் இடது கையால் என்ஜினை மெல்லத் திருப்பி, முடித்த பக்கம் தன்னைப் பார்க்கும்படி வைத்துக்கொண்டார். மேஜைமேல் சிதறிக் கிடந்த தூளை உள்ளங்கையால் ஓரமாக ஒதுக்கித் தள்ளினார். அவள் தடுக்கவில்லை. மணி நான்கு. தரையில் ஒரு துண்டை விரித்து, கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் படுத்தாள்.