புதைக்க வேண்டிய தாள்கள்

கொழும்பு பொரளை மயானத்தில், காலைப் பத்து மணி வெயிலில், பழுப்புத் தாள் சுற்றிய ஒரு பார்சலின் மேல் நான் ஒரு பிடி மண் போட்டேன். குழியைச் சுற்றி நின்றவர்கள் மூன்று பேர்: பத்திரிகை நடத்திய மிஸ், குழி தோண்டிய தொழிலாளி, நான். பார்சலுக்குள் என்ன இருந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. மிஸ் அதைக் கவனித்தார். பயபக்தி என்று நினைத்துக்கொண்டார்.

அப்போது நான் கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் வேலையில் இருந்தேன். கல்யாணக் கார்டு, திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல் எல்லாம் என் கணினி வழியாகத்தான் மெஷினுக்குப் போகும். அவற்றுக்கு நடுவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை யூதர்களைப் பற்றிய ஓர் ஆங்கிலப் பத்திரிகையும் வரும். அதற்கு ஆசிரியர், நிருபர், உறையில் முத்திரை ஒட்டுபவர் எல்லாம் ஒரே ஆள்தான். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் தனியாக இருந்த மிஸ். தாய்வழி கொச்சியிலிருந்து வந்த யூதக் குடும்பம். வெள்ளவத்தையிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் எங்களைப் போலவே தமிழ் கதைப்பார். எந்தச் சங்கத்தின் உதவியையும் வாங்க மாட்டார். உதவி வந்தால் பின்னாலேயே உத்தரவும் வரும் என்பது அவர் கட்சி. இந்த நாட்டில் ஒரு காலத்தில் வாழ்ந்து எங்கெங்கோ போய்விட்ட குடும்பங்களுக்காக அந்தப் பத்திரிகை நடந்தது. யார் வீட்டுக் கல்யாணத்தில் என்ன சமைத்தார்கள், எந்தத் தெருவில் யார் வீட்டு ஜன்னலில் வெள்ளிக்கிழமை மாலை மெழுகுவர்த்தி எரிந்தது, யாருடைய கல்லறை எங்கே இருக்கிறது என்றெல்லாம் எழுதுவார். ஒரு கமா இடம் மாறினாலும் பஸ் ஏறி வந்து சண்டை பிடிப்பார். நானும் விடமாட்டேன். எங்களுக்குள் அப்படி ஓர் ஒட்டுதல்.

சில பக்கங்களில் ஹீப்ரு எழுத்தில் ஜெபங்கள் வரும். மெஷின் ஓடத் தொடங்கும்போது முதலில் வருகிற தாள்கள் மை பரவியோ மங்கியோ பழுதாகத்தான் வரும். எல்லா அச்சகத்திலும் அவை கழிவுதான். மிஸ்ஸுக்கு அப்படி இல்லை.

"மகள், இதில ஆண்டவற்ற பேர் கிடக்கு. பிழைச்ச தாளெண்டாலும் எறியக் கூடாது, கிழிக்கவும் கூடாது. எடுத்து வையுங்கோ. மனுசரை அடக்கம் பண்ணுற மாதிரி மண்ணுக்குள்ள வைக்கோணும்."

எனக்கு இது விளங்காத விஷயமே இல்லை. பிள்ளையார் படம் போட்ட பழைய கல்யாணக் கார்டுகளை எறிய மனமில்லாமல் அலுமாரியில் அடுக்கி வைத்திருக்கும் வீட்டில் வளர்ந்தவள் நான். "ஓம் மிஸ், ஒரு தாள் வெளியால போகாது" என்று பெரிதாகச் சொன்னேன். நாலு வருடம் சொன்னபடி செய்தேன். இந்தப் பிள்ளை இருப்பதால்தான் வேறு பிரஸ்ஸுக்குப் போகவில்லை என்று முதலாளிக்கு முன்னால் அவர் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐந்தாவது வருடம், அவர்களுடைய புதுவருடத்துக்காக ஜெபங்களையே நிறைத்து ஒரு சிறப்பிதழ் போட்டார். மெஷின் அன்று படாத பாடு படுத்தியது. பழுதான தாள்கள் ஒரு பெரிய கட்டாகச் சேர்ந்தன. அதைக் கட்டி, நான் இருந்து வேலை செய்யும் கதிரைக்குப் பின்னால் மூலையில் வைத்தேன். அடுத்த வாரம் எங்கள் சரஸ்வதி பூசை. அச்சகத்தைக் கழுவித் துப்புரவாக்கும் பொறுப்பு என்னுடையது. பழைய பேப்பர் எடுக்கிறவரைக் கூப்பிட்டு, "மூலையில கிடக்கிற எல்லாத்தையும் கொண்டு போங்கோ அண்ணே" என்று நானே என் வாயால் சொன்னேன். பிறகு மெஷினுக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, எல்லோருக்கும் அவல் கொடுத்தேன். கலைமகள் வந்து உட்கார இடம் இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று எனக்கு ஒரே பெருமை.

மூன்று நாள் கழித்து மிஸ் தொலைபேசியில் பேசினார். நாளைக்கு வருவதாகவும், தன் வீட்டில் சேர்ந்திருந்தவற்றைப் போன வருடமே புதைத்துவிட்டதால் இம்முறை இந்தக் கட்டை மட்டும் பொரளைக்குக் கொண்டுபோவதாகவும் சொன்னார். அப்போதுதான் கதிரைக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். மூலை வெறுமையாகக் கிடந்தது.

சொல்லியிருக்கலாம். கத்தியிருப்பார், நாலு நாள் முகம் பார்த்திருக்க மாட்டார், அவ்வளவுதான். ஆனால் நல்ல பெயர் போய்விடுமே. பூசைக்குப் பிறகு அடித்த ஒரு டியூஷன் வகுப்பு நோட்டீஸின் பழுதான தாள்கள் கிடந்தன. கெமிஸ்ட்ரி படிப்பிக்கும் சேர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நிற்கும் படம். அவற்றை அதே உயரத்துக்கு அடுக்கி, பழுப்புத் தாளில் சுற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். கையில் தூக்கிக் கனம்கூடப் பார்த்தேன். இவ்வளவு கவனமாக நான் எந்த வேலையையும் செய்ததில்லை.

மிஸ் பார்சலைப் பிரிக்கவில்லை. பிள்ளையைத் தூக்குவது போல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "நீங்களும் வாங்கோ மகள். இந்த எழுத்தோட வேலை செய்தது நீங்கள்தானே. எனக்குப் பக்கத்தில நிக்க வேற ஆர் இருக்கினம்?" என்றார். போனேன். அவருடைய தகப்பனாரின் கல்லறைக்கு அருகில், "மல்லி, தவ டிகக்" என்று தொழிலாளியிடம் சிங்களத்தில் இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொன்னார். நான் கெமிஸ்ட்ரி சேரின் மேல் மண் போட்டேன்.

அடுத்த இதழில் அந்த அடக்கத்தைப் பற்றி மிஸ் ஒரு கட்டுரை எழுதினார். தங்கள் தாள்களைத் தன் வீட்டுச் சாமிப்படம் போலக் காத்த ஒரு தமிழ்ப் பெண் கொட்டாஞ்சேனையில் இருக்கிறாள் என்று அதில் இருந்தது. என் புகழை என் கையாலேயே பக்கத்தில் அமைத்தேன். ஓர் எழுத்துப் பிழை இருந்தது, அதையும் திருத்தினேன். அவுஸ்திரேலியாவிலிருந்து முதியவர் ஒருவர் எனக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார். அதற்கு அடுத்த இதழில் அந்தக் கடிதத்தையும் நான்தான் போட்டேன்.

அச்சகம் பிறகு மூடப்பட்டது. நான் இப்போது ஹெந்தளையில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். போன வருடம் மிஸ் கூப்பிட்டார். கண் மங்கிவிட்டது, கடைசி இதழ் ஒன்றைப் போட்டு நிறுத்தப்போகிறேன், நல்ல கட்டுரைகளை அதில் சேர்க்க வேண்டும், முதல் பக்கத்தில் அந்த அடக்கக் கட்டுரை வர வேண்டும் என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வெள்ளவத்தைக்குப் போய், அவர் முன்னால் உட்கார்ந்து சொன்னேன்.

"மிஸ், அண்டைக்குப் புதைச்சது உங்கட தாள் இல்லை. டியூஷன் நோட்டீஸ்."

ஏச்சு வாங்கத் தயாராகப் போயிருந்தேன். வெளியே போ என்பார் என்றுகூட நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப எங்கட தாள் எங்க?"

இத்தனை வருடமும் என் பொய்யை நினைத்துத்தான் வெந்துகொண்டிருந்தேன். தாள்கள் எங்கே போயின என்று ஒரு நாள்கூடத் தேடிப் போனதில்லை. பழைய பேப்பர் கடலைச் சுருளாகவும் வடைப் பையாகவும் தெருவுக்கு வருவது கொழும்பில் யாருக்குத்தான் தெரியாது? "பேப்பர்காரர் கொண்டு போயிட்டார்" என்று மட்டும் சொன்னேன். மிஸ் இந்த ஊர்க்காரர். அந்தச் சுருள்களை அவருக்கும் தெரியும்.

பிறகு, "கட்டுரை வேண்டாம். அந்த இடத்தில திருத்தம் போடோணும். எழுதுங்கோ" என்றார். புதைக்கப்பட்டவை எங்கள் தாள்கள் அல்ல, அவை இந்த நகரத்தில் எங்கோ தொலைந்துவிட்டன, யார் கையிலாவது அகப்பட்டால் தயவுசெய்து மிதிபட விடாதீர்கள் என்று சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசி வரியாக, பிழை ஆசிரியருடையது என்றார்.

"பிழை என்னுடையது மிஸ். என்ட பேரைப் போடுங்கோ."

"பிரிச்சுப் பாக்காமல் எழுதினது நான். பத்திரிகையின்ட பிழை என்ட பிழைதான். நீங்கள் செய்தது வேற. அதைக் கழுவ என்ட பத்திரிகையில இடமில்லை."

முகம் கொடுத்துத்தான் சொன்னார், குரலும் உயரவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் புரூஃப் பார்த்து, சரி என்று தலையசைத்தார். எங்கும் என் பெயர் இல்லாத அந்தப் பக்கத்தை, ஓர் எழுத்தும் மாற்றாமல், நான்தான் அச்சுக்கு அனுப்பினேன்.